அழித்த ரீடிங்

சித்தி பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கிறாள். சயின்ஸ் குரூப். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இயற்பியல் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்:

"அக்கா, ஃபிசிக்ஸ் கிளாஸ்ல பயங்கரமா போர் அடிக்குது. மிஸ் நல்லாத்தான் நடத்துறாங்க. நானும் கவனிக்கணும்னுதான் உக்காருறேன். பத்து நிமிஷத்துல மண்டை எங்கயோ போயிடுது. இது என் தப்பா, அவங்க தப்பா?"

"ரெண்டு பேர் தப்பும் இல்ல, படி" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அவள் கேட்டது 'எப்படி போர் அடிக்காமல் இருப்பது' என்று இல்லை. தப்பு யாருடையது என்று. அது ஒரு அறக் கேள்வி. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் என் ப்ளஸ் ஒன் லேபில் நடந்த ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயம் என்று தோன்றியதே இல்லை.

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரின் பெண்கள் பள்ளி. ஃபிசிக்ஸ் பீரியட் பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும். தயிர்சாதத் தூக்கம், ஜன்னலுக்கு வெளியே வெயில், போர்டில் மிஸ் எழுதும் டெரிவேஷன். நான் மோசமான மாணவி இல்லை. முதல் ஐந்து ரேங்கில் இருப்பேன். எனக்கும் போர் அடித்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோலம் போடுவேன். பெல் அடிக்க எத்தனை நிமிடம் என்று முன்பெஞ்சுக்காரியின் வாட்சைப் பார்ப்பேன். கவனிக்காமலே மார்க் வாங்க முடிந்ததால் அது எனக்கு ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

லேபில் தனி ஊசல் சோதனை. உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு ஸ்டாண்டு, ஒரு நூல், நூலின் நுனியில் உலோகக் குண்டு. ஆட்டிவிட்டு 20 அலைவுகளுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்சில் பார்க்க வேண்டும். நூலின் நீளத்தை மாற்றி மாற்றி ஆறு ரீடிங். அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை என்ன வரும் என்று லேபுக்குள் வருவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். 9.8.

அதனால் நாங்கள் என்ன செய்தோம்? விடையிலிருந்து பின்னால் போனோம். 9.8 வர வேண்டுமென்றால் 60 செ.மீ. நூலுக்கு 20 அலைவுகள் 31.1 நொடியில் முடிய வேண்டும். 80 செ.மீ.க்கு 35.9. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து, நிஜம் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகக் கடைசி இலக்கத்தில் ஒன்று கூட்டி, ஒன்று குறைத்து எழுதிவிடுவோம். குண்டு பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும், நாங்கள் பாட்டுக்குக் கதை பேசிக்கொண்டிருப்போம். இதில் நான் எக்ஸ்பர்ட். என்னிடம் நாலு டேபிள்காரிகள் ரீடிங் வாங்கிப் போவார்கள்.

பக்கத்து டேபிளில் ஒருத்தி மட்டும் நிஜமாகவே எண்ணிக்கொண்டிருந்தாள். உதடு அசைய அசைய எண்ணுவாள். அவளுக்கு வந்த விடை 10.8. மறுபடி செய்தாள். 10.8. நூல் நீளத்தை மாற்றினாள். 10.7. இன்னொரு நீளம், 10.8. மிஸ்ஸிடம் நோட்டைக் கொண்டுபோனாள். "மிஸ், எல்லா ரீடிங்கும் இப்படியேதான் வருது. ஏன் மிஸ்?"

மிஸ்ஸைச் சுற்றிப் பதினைந்து பேர் கையெழுத்துக்கு நின்றார்கள். பீரியட் முடிய ஐந்து நிமிடம். "ஏதோ தப்பா பண்ணியிருக்க. சரி பண்ணிக் கொண்டா" என்றார். திரும்பி வந்தவளிடம் நான்தான் சொன்னேன். "ஏய், லூசாடி நீ? அழிச்சிட்டு இத எழுது." சொன்னதோடு நிற்கவில்லை. அவள் நோட்டை வாங்கி, என் ரப்பரால் நானே அழித்து, என் ரீடிங்கை நானே எழுதிக் கொடுத்தேன். உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரச் சோதனையில் அவள் எண்ணவில்லை. நேராக என்னிடம் வந்து நோட்டை நீட்டினாள்.

சித்தி பொண்ணின் கேள்விக்கு வருவோம். வகுப்பில் சலிப்பு வந்தால் அது யார் தப்பு?

நம் வீடுகளில் புழங்கும் பதில்கள் இரண்டு. ஒன்று அப்பாக்களின் பதில்: பிள்ளைக்கு அக்கறை இல்லை, போனைப் பிடுங்கி வை. இன்னொன்று கொஞ்சம் நவீனமானது: வாத்தியாருக்கு நடத்தத் தெரியவில்லை, யூடியூபில் எவ்வளவு சுவாரசியமாகச் சொல்கிறார்கள் தெரியுமா? இரண்டும் எதிரெதிரானவை போலத் தெரிகின்றன. ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: சலிப்பு என்பது சுவாரசியம் என்ற சரக்கின் பற்றாக்குறை. மாணவி போதுமான அளவு கொண்டுவரவில்லை, அல்லது ஆசிரியர் போதுமான அளவு பரிமாறவில்லை.

எனக்கு இது போதவில்லை. யூடியூபில் ஊசல் ஆடுவதைப் பிரமாதமான அனிமேஷனில் பார்த்தாலும், பார்த்து முடித்த பிறகு நான் செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. லைக் போடலாம். அவ்வளவுதான்.

ஹைடெக்கர் 1929–30 குளிர்காலத்தில் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் நடத்திய வகுப்புகளில் சலிப்பைப் பற்றி நீளமாகப் பேசியிருக்கிறார். அவர் தரும் முதல் உதாரணம் ஒரு சின்ன ஊர் ரயில் நிலையம். அடுத்த ரயிலுக்கு நாலு மணி நேரம் இருக்கிறது. நாம் மரங்களை எண்ணுகிறோம், கடிகாரத்தைப் பார்க்கிறோம், மறுபடி பார்க்கிறோம். ஸ்டேஷன் நமக்குத் தர வேண்டிய ஒன்றே ஒன்று ரயில். அதை அது இப்போது தரவில்லை. அதனால் நேரம் நீள்கிறது. வகுப்பில் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை இந்த உதாரணத்தில் என்னால் அடையாளம் காண முடிகிறது. ஆனால் ஒரு வித்தியாசம். ஸ்டேஷனில் ரயில் இன்னும் வரவில்லை. அறிவியல் வகுப்பில் நாம் வருவதற்கு முன்பே ரயில் போய்விட்டது. 9.8 கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. நம்மைப் பிளாட்பாரத்தில் உட்காரவைத்து, போன ரயிலின் டைம்டேபிளை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள்.

அதனால் நான் ஒரு மூன்றாவது பதிலை யோசிக்கிறேன். வகுப்பறைச் சலிப்பு பெரும்பாலும் சோம்பலில் வருவதில்லை. 'இங்கே நான் தேவையில்லை' என்பதை உள்ளுக்குள் ஏதோ ஒன்று சரியாகவே கண்டுகொள்வதில் வருகிறது. நான் எண்ணினாலும் 9.8, எண்ணாவிட்டாலும் 9.8. அப்படியானால் எதற்கு எண்ண வேண்டும்? ரீடிங்கை இட்டுக்கட்டியபோது நாங்கள் சோம்பேறிகளாக இருந்ததாக இப்போதும் நினைக்கவில்லை. பின்னாலிருந்து கணக்குப் போடுவது, நேராக எண்ணுவதை விட உழைப்பு அதிகம் பிடித்த வேலை. அளப்பது ஒரு சடங்கு என்று எங்களுக்குச் சொல்லாமல் சொல்லப்பட்டிருந்தது. சடங்கை நாங்கள் ஒழுங்காகச் செய்தோம்.

இங்கே சலிப்பைப் புகழ ஆரம்பித்துவிடுவது எளிது. போர் அடித்தால்தான் படைப்பூக்கம் வரும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்த கதை ஒன்று இந்த ஊசலோடு சம்பந்தப்பட்டதே. பீசா நகரத் தேவாலயத்தில் இளைஞன் கலிலியோ மேலே ஆடும் விளக்கைப் பார்க்கிறான், தன் நாடித்துடிப்பால் அதன் ஆட்டத்தை அளக்கிறான், பூசை போர் அடித்ததால் அறிவியல் பிறக்கிறது. இந்தக் கதையை நமக்குத் தந்தவர் அவருடைய சீடர் விவியானி, குருவின் வாழ்க்கை வரலாற்றைப் பிற்பாடு எழுதியபோது. ஊசல் பற்றி கலிலியோவே எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் கடிதம் 1602இல்தான் வருகிறது. அப்போது அவருக்கு வயது 38. ஒரு மத்தியானச் சலிப்பில் அல்ல, வருடக்கணக்கான வேலையில் வந்தது அது. கோலம் போட்ட என் கடைசிப் பக்கங்களிலிருந்து எந்த அறிவியலும் பிறக்கவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நிஜமான அறிவியலும் போர் அடிப்பதுதான். 1672இல் பாரிஸ் அறிவியல் கழகம் ஜான் ரிஷே என்பவரைத் தென் அமெரிக்காவில், நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் கயேன் என்ற இடத்துக்கு அனுப்பியது. முக்கியமான வேலை செவ்வாய்க் கிரகத்தைக் கவனிப்பது. கூடவே ஊசல் கடிகாரம் ஒன்றும் போனது. பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரம் கயேனில் ஒரு நாளைக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. சரியாக ஓட வைக்க ஊசலின் நீளத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது. எவ்வளவு? மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. ரிஷே அதை அழித்து எழுதவில்லை. பத்து மாதம், வாராவாரம் திரும்பத் திரும்பப் பார்த்தார். அந்தச் சின்ன வித்தியாசத்தை 1687இல் நியூட்டன் தன் பிரின்சிபியாவில் எடுத்துக்கொள்கிறார். பூமி சரியான உருண்டை இல்லை, நடுவில் கொஞ்சம் பருத்தது என்ற அவருடைய வாதத்துக்கு அது ஒரு சான்றாகிறது.

பத்து மாதம் ஊசலைப் பார்ப்பது எவ்வளவு போர் அடித்திருக்கும்! ஆனால் அந்தச் சலிப்பும் எங்கள் லேபின் சலிப்பும் ஒன்றல்ல. ரிஷேவுக்குத் தன் கண் தேவைப்பட்டது. அவர் பார்க்காவிட்டால் அந்த மூன்று மில்லிமீட்டர் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். விடை இன்னும் வராததால் வரும் சலிப்பை மனிதனால் தாங்க முடிகிறது. விடை ஏற்கெனவே முடிந்துபோனதால் வரும் சலிப்பில்தான் பொய் சொல்லத் தோன்றுகிறது.

இதெல்லாம் எங்கோ பாரிஸில் நடந்த கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, இதே சோதனை நுங்கம்பாக்கத்தில் நடந்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் வானாய்வகம் 1792இல் அங்கே அமைந்தது. இன்று வானிலை மையம் இருக்கும் அதே வளாகம். 1821இல் அங்கே வானியலாளராக இருந்த ஜான் கோல்டிங்ஹாம் ஊசலை ஆடவிட்டு, மதராஸில் ஒரு நொடிக்கு ஒரு முறை வீசும் ஊசலின் நீளம் என்ன என்று அளந்தார். அதே காலகட்டத்தில், கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடப்பட்ட பீரங்கிகளின் சத்தம் எத்தனை நொடியில் வந்து சேர்கிறது என்று பார்த்து ஒலியின் வேகத்தையும் அளந்தார். எங்கள் ப்ளஸ் ஒன் லேபில் இருந்த இரண்டு சோதனைகள்! லண்டனில் அப்படிப்பட்ட ஊசலின் நீளம் சுமார் 99.4 செ.மீ. சென்னையில் சுமார் 99.1. ஏனென்றால் இங்கே முடுக்கம் கொஞ்சம் குறைவு. தமிழ்நாட்டில் அது 9.78க்குப் பக்கம். துருவத்தில் 9.83. நாங்கள் வேதவாக்காக எழுதிய 9.8 என்பது இரண்டாவது இலக்கத்தில் நிற்கும் ஒரு வசதி. எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு எண் இருக்கிறது, அதை எங்கள் ஊரில் நின்றுதான் அளக்க முடியும் என்று அன்றைக்கு யாராவது ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், நான் எண்ணியிருப்பேனா? தெரியாது. எண்ணியிருப்பேன் என்று நம்ப ஆசையாக இருக்கிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எல்லாவற்றையும் எல்லோரும் முதலிலிருந்து கண்டுபிடித்துக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. படிப்பின் பெரும்பகுதி, பிறர் கண்டதை நம்பி வாங்கிக்கொள்வதுதான். அறுபது பேர், நாலு ஸ்டாப் வாட்ச், மார்ச்சில் பரீட்சை, எக்ஸ்டர்னல் வருவதற்குள் ரெக்கார்டு முடிக்க வேண்டும். எங்கள் மிஸ் கெட்டவர் இல்லை. அவருக்கு நேரம் இல்லை. அவரையும் யாரோ கேள்வி கேட்க விடாமல்தான் வளர்த்திருப்பார்கள்.

சிமோன் வெய்ல் பெண்கள் பள்ளிகளில் பாடம் நடத்தியவர். பள்ளிப் படிப்பின் உண்மையான பயன் கவனத்தைப் பழக்குவதுதான் என்று ஒரு கட்டுரையில் வாதிடுகிறார். ஒரு வடிவியல் கணக்கோடு ஒரு மணி நேரம் போராடி விடை வராவிட்டாலும், அந்தக் கவனம் வீண் போவதில்லை. அது பின்னால் வேறெங்கோ பயன்படும், குறிப்பாகத் துன்பத்தில் இருக்கும் இன்னொரு மனிதரைப் பார்க்கும்போது. முதல் முறை படித்தபோது எரிச்சல்தான் வந்தது. அப்பாக்களின் பதிலையே ஆன்மிகமாகச் சொல்கிறாரே என்று. இப்போது அதில் நான் தவறவிட்டது தெரிகிறது. ஊசலைக் கவனிக்கப் பழகாதவள் பக்கத்து டேபிள்காரியையும் கவனிக்கவில்லை. அன்று லேபில் ஊசலைக் கவனித்தவள் அவள் ஒருத்தி. அவளைக் கவனித்தவர் யாருமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே வருகிறேன். "வா, செஞ்சு பாக்கலாம்" என்று சித்தி பொண்ணைக் கூப்பிட்டேன். ஜன்னல் கம்பியில் நூல் கட்டி, நுனியில் ஒரு பெரிய நட்டை மாட்டி, டெய்லர் டேப்பால் சரியாக ஒரு மீட்டர் அளந்தோம். போனில் ஸ்டாப் வாட்ச். நட்டு ஒரு ஓரத்துக்கு வந்ததும் ஸ்டார்ட் பட்டனைத் தட்டிக்கொண்டே எண்ண ஆரம்பித்தாள். "ஒண்ணு..." மறுபடி அதே ஓரத்துக்கு வந்தபோது "ரெண்டு..." இருபது என்று சொல்லி நிறுத்தினாள். 38.2 நொடி. கணக்குப் போட்டாள்.

"பத்து புள்ளி எட்டு வருதுக்கா. தப்பு போல."

எனக்கு உடம்பு ஒரு கணம் சில்லிட்டது. அதே எண். நூலைப் பார்த்தேன், டேப்பைப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மறுபடி எண்ணச் சொன்னேன். இந்த முறை நான் நட்டைப் பார்க்கவில்லை, அவள் உதட்டைப் பார்த்தேன். ஸ்டார்ட் தட்டும்போதே 'ஒண்ணு' என்கிறாள். ஒரு அலைவு இன்னும் முடியவே இல்லை. அங்கே 'சைபர்' என்று சொல்லியிருக்க வேண்டும். 'இருபது' என்று அவள் சொல்லும்போது உண்மையில் பத்தொன்பதுதான் ஆகியிருக்கிறது. பத்தொன்பது அலைவின் நேரத்தை இருபதால் வகுத்தால் விடை 9.8 வராது. 10.8 வரும். நூல் எந்த நீளமாக இருந்தாலும்.

சைபரிலிருந்து எண்ண வைத்தேன். 40.2 நொடி. 9.77. "ஹை!" என்றாள்.

எனக்கு ஹை சொல்ல முடியவில்லை. அன்று அவள் ஆறு ரீடிங்கிலும் ஒரே விடையைக் கொண்டுவந்தாள். கவனக்குறைவாக அளந்திருந்தால் ஒன்று 9.3, ஒன்று 10.4 என்று சிதறியிருக்கும். இட்டுக்கட்டியிருந்தால் 9.8 வந்திருக்கும். திரும்பத் திரும்ப 10.8 வந்ததற்கு ஒரே அர்த்தம்தான்: எல்லோரையும் விடக் கவனமாக அளந்திருக்கிறாள், ஒரே ஒரு இடத்தில், ஒரே மாதிரி, சறுக்கியிருக்கிறாள். அந்த ஆறு எண்களிலேயே அது எழுதியிருந்தது. இரண்டு நிமிடம் அவள் பக்கத்தில் நின்று எண்ணுவதைக் கேட்டிருந்தால் போதும். நான் ரப்பரை எடுத்தேன்.

"இது என் தப்பா, அவங்க தப்பா?" என்று கேட்டாயே, இப்போது சொல்கிறேன். உனக்கு போர் அடிப்பது தப்பில்லை. உன் கண்ணும் கையும் தேவைப்படாத இடத்தில் வேறென்ன வரும்? உங்கள் மிஸ்ஸுக்கும் அதில் பெரிய பங்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் போர் அடிக்கிறவர்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. எனக்குத் தேவைப்படாத ஒன்று யாருக்கும் தேவைப்படாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நான் அதைத்தான் செய்தேன். என் சலிப்பை அவளுக்கும் தொற்ற வைத்தேன். அதற்கு உதவி என்று பெயரும் வைத்துக்கொண்டேன். 'ஏன் மிஸ்?' என்று ஒருத்தி கேட்கும்போது உனக்குக் கொட்டாவி வந்தால் வரட்டும். கொட்டாவி விட்டுக்கொண்டே அவள் பக்கத்தில் போய் நில்.

அவள் ப்ளஸ் டூவுக்குப் பிறகு பி.காம் சேர்ந்தாள். அந்த 10.8தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் என் ரப்பருக்கு இல்லாத பெருமையைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவளுக்குக் கணக்கு எழுதுவது பிடித்திருக்கலாம். இப்போது கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள் என்று கேள்வி. எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் அவள் நம்பர் இருக்கிறது.

போன் பண்ணி என்ன சொல்வது? "ஏய், ஞாபகம் இருக்கா, நீ ஒண்ணுல இருந்து எண்ணிட்ட, அவ்ளோதான், மத்ததெல்லாம் நீ சரியாத்தான் பண்ணியிருந்த." அவளுக்கு ஞாபகமே இல்லாமல் இருக்கலாம். சிரிக்கலாம். "இதுக்கா போன் பண்ண?" என்று கேட்கலாம். இருந்தாலும் அந்தக் கேள்வி அவளுடையது. பதில் இவ்வளவு வருடமாக என்னிடம்கூட இல்லை. இப்போது இருக்கிறது. கொடுத்துவிட வேண்டும்.